மூக்கில் ஒரு குழி: எந்த ஃபிளாப் என்று எப்படித் தீர்மானிப்பது?

அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அறுபதைத் தாண்டிய நோயாளி ஒருவருக்கு மூக்கு நுனியின் பக்கவாட்டில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று. வெட்டி எடுத்த பிறகு 1.2 செ.மீ. அகலத்தில் வட்டமான குழி. நாசித்துவார விளிம்புக்கும் குழிக்கும் இடையே 6 மி.மீ. தோல் மிச்சம். "எப்படி மூடலாம்?" என்று சீனியர் கேட்டிருக்கிறார். இவர் ஐந்து ஃபிளாப்களின் (தன் ரத்த ஓட்டத்தோடு பக்கத்திலிருந்து நகர்த்திக் குழியை மூடும் தோல்) பெயரைச் சொல்லியிருக்கிறார். "அதில் எது, ஏன்?" என்று அடுத்த கேள்வி வந்ததும் வாயடைத்துப் போய்விட்டது. "எந்தக் குழிக்கு எந்த ஃபிளாப் என்று ஓர் அட்டவணை இருந்தால் தாருங்கள்" என்று கேட்கிறார்.

அட்டவணைகள் பாடநூல்களில் நிறையவே இருக்கின்றன, நீங்கள் அவற்றைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது அந்தக் குழியில் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் அது. நானும் பயிற்சிக் காலத்தில் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு, பார்க்கத் தெரியாமல் நின்றவன். அதன் விலையை ஒரு நோயாளி கொடுத்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

குழியை மூடுவதைப் பற்றி யோசிக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று: புற்று முழுதாகப் போய்விட்டதா? இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. ஃபிளாப் ஒன்றைச் சுழற்றிவிட்டால் பழைய விளிம்புகள் எல்லாம் இடம் மாறிவிடும். மிச்சம் இருக்கிறது என்று பிறகு பேத்தாலஜி அறிக்கை வந்தால், அந்த மிச்சம் எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். நல்ல தோலையும் இழந்திருப்பீர்கள். எல்லை தெளிவாகத் தெரியும், 2 செ.மீ.க்குக் குறைவான, சாதாரண வகை பேசல் செல்லுக்குப் பொதுவாகப் புற்றைச் சுற்றி 4 மி.மீ. நல்ல தோலையும் விளிம்பாகச் சேர்த்து எடுக்கிறோம். ஆனால் ஊடுருவிப் பரவும் வகை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். மோஸ் முறையில், வெட்டிய திசுவின் முழு விளிம்பையும் உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்தாகிவிட்டது என்றால் சரி, அன்றே மூடலாம். இல்லையென்றால் ஈரமான டிரெஸிங் போட்டு அறிக்கைக்குக் காத்திருங்கள். சில நாள் திறந்திருப்பதால் முகத்துக் காயம் கெட்டுப்போவதில்லை. முகத்தின் ரத்த ஓட்டம் அவ்வளவு தாராளமானது. "நோயாளி இன்னொரு முறை வர வேண்டுமே" என்ற தயக்கம் வரும். புரிகிறது. ஆனாலும் காத்திருங்கள்.

அடுத்து, பயிற்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் குழியையே உற்றுப் பார்க்கிறார்கள். கண்ணைக் குழியிலிருந்து எடுத்துச் சுற்றிலும் ஓட்டுங்கள். பிடிமானம் இல்லாத விளிம்பு எது அருகில் இருக்கிறது? முகத்தில் அப்படிப்பட்டவை நான்கு இடங்கள்: இமை, நாசித்துவார விளிம்பு, உதடு, காதின் சுருள் விளிம்பு. கன்னத்தின் நடுவில் 3 மி.மீ. இழுப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. நாசித்துவார விளிம்பில் 1 மி.மீ. தூக்கிவிட்டால் எதிரில் நின்று பேசுகிறவர் கண்டுபிடித்துவிடுவார். உதட்டின் சிவப்புக் கோட்டில் 1 மி.மீ. படி விழுந்தாலும் அப்படித்தான். அதனால்தான் மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே அந்தக் கோட்டை மையால் குறித்துவிடச் சொல்கிறோம்; ஊசி போட்டு வீங்கிய பிறகு கோடு மங்கிவிடும், தேடினாலும் சரியாகக் கிடைக்காது.

இப்போது அந்த நோயாளியின் கதை. பயிற்சி முடியும் தறுவாயில், வயதான ஒருவருக்குக் கீழிமைக்குச் சற்றுக் கீழே கன்னத்தில் இருந்த குழியை நான் ராம்பிக் (சாய்சதுர) ஃபிளாப் போட்டு மூடினேன். கோணங்கள் பாடநூலில் இருந்தபடியே: 60 டிகிரி, 120 டிகிரி. தையல்கள் அழகாக விழுந்தன. மேசையில் படுத்திருந்தபோது இமை சரியாகவே இருந்தது. ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்த்தேன்: கீழிமை விழியை விட்டு விலகித் தொங்கியது, கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. இமை வெளிப்பக்கம் பிதுங்கித் திரும்பும் எக்ட்ரோப்பியன். ஃபிளாப்புக்குத் தோல் எடுத்த இடத்தை மூடிய அந்த ஒரு தையல் நேராகக் கீழ்நோக்கி இழுத்திருக்கிறது. வயதால் தளர்ந்திருந்த இமைக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. படுத்திருக்கும்போது புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்காததால் எனக்கு அது தெரியவில்லை. சீனியர் ஒருவர் வெளிக் கண்மூலையில் இமையை இறுக்கிச் சரிசெய்தார். அந்த நோயாளி அதற்குள் பல வாரங்கள் துடைத்துத் துடைத்துச் சிவந்த கண்ணோடு இருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதைத் தவிர்க்க மூன்று காரியங்கள் போதுமாக இருந்திருக்கும். கீழிமையைக் கீழே இழுத்துவிட்டு, கண் சிமிட்டாமல் அது உடனே திரும்புகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். விழியிலிருந்து முன்னால் இழுத்தால் 8 மி.மீ.க்கு மேல் வருகிறது என்றால் இமை தளர்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஃபிளாப்பின் இழுப்பு கிடைமட்டமாக விழும்படி வரைந்திருக்க வேண்டும். கடைசியாக, ஃபிளாப்பின் அடிப்பகுதியைக் கண்குழியின் எலும்பு விளிம்பில் உள்ள பெரியாஸ்டியத்தோடு (எலும்பின் உறை) ஆழத்தில் ஒரு தையல் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கன்னத்தின் பாரம் எலும்பில் தொங்கும், இமையில் தொங்காது.

ராம்பிக் ஃபிளாப்பையே எடுத்துக்கொள்வோம், இழுப்பு எப்படி வேலை செய்கிறது என்று அதில்தான் நன்றாகப் புரியும். ஒரு சாய்சதுரக் குழிக்கு லிம்பெர்க் முறையில் நான்கு ஃபிளாப்கள் வரையலாம். நான்கும் குழியை மூடும். நான்கிலும் மிக அதிகமான இழுப்பு விழுவது ஃபிளாப் எடுத்த இடத்தை மூடும் தையலில்தான். ஆனால் அந்தத் தையலின் திசை நான்கிலும் வேறு வேறு. ஆகவே நான்கையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் அந்தத் தையலை மட்டும் ஓர் அம்புக்குறியாகப் போடுங்கள். எந்த அம்பு பிடிமானம் இல்லாத விளிம்பைத் தொந்தரவு செய்யவில்லையோ, எந்த அம்பு தோல் தளர்வாக இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறதோ, அதுதான் உங்கள் ஃபிளாப். வீட்டில் பழக விரும்பினால், இழுபடும் துணி ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒரு குழியை வெட்டி, ஃபிளாப் வரைந்து தைத்துப் பாருங்கள். எந்தக் கட்டங்கள் நீண்டு போகின்றன, எவை சுருங்குகின்றன என்பதைப் பார்த்தால் இழுப்பு போகும் வழி தெரிந்துவிடும். மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான்.

தழும்பு எந்தத் திசையில் விழ வேண்டும் என்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. தோலின் இழுப்புத் திசையைக் காட்டும் லாங்கர் கோடுகள் 19ஆம் நூற்றாண்டில் சடலங்களில் குத்திப் பார்த்து வரைந்தவை. உயிருள்ள முகத்தில் தசைகள் தோலை இழுக்கின்றன. ஆகவே முகத்தில் பல இடங்களில் அந்தக் கோடுகள் பொருந்துவதில்லை. நமக்கு வேண்டியது போர்ஹெஸ் விவரித்த, தளர்ந்த தோலின் இழுவிசைக் கோடுகள். தோலை விரலால் கிள்ளிப் பாருங்கள். எந்தத் திசையில் கிள்ளும்போது நேரான, நீண்ட மடிப்புகள் எளிதாக விழுகின்றனவோ அந்த மடிப்பின் திசைதான் கோடு. வயதானவர்களிடம் சுருக்கங்களே காட்டிக்கொடுத்துவிடும். இளையவர்களிடம் சிரிக்கச் சொல்லுங்கள், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள்.

சரி, மூக்குக்கு வருவோம். மூக்கு ஒரே உறுப்பு என்றாலும் தோல் ஒரே மாதிரி இல்லை. மேல் பகுதியிலும் பக்கச் சுவரிலும் தோல் மெல்லியது, நகரும். நுனியிலும் நாசிச் சிறகிலும் (நாசித்துவாரத்தின் பக்கச் சுவர்) தடித்து, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்து, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அரை செ.மீ.கூட நகராது. அங்கே தையல் தோலை அறுத்துக்கொண்டு வரும், விளிம்புகள் உள்ளே மடிந்து தழும்பு பள்ளமாகும். ஆகவே நுனியில் குழி விழுந்தால் பக்கத்துத் தோலை நேரடியாக இழுத்து மூட முடியாது. தளர்வு இருக்கும் இடம் மேலே, பக்கச் சுவரில். அந்தத் தளர்வை நுனிக்குக் கொண்டுவர இடையில் ஒரு தரகர் தேவைப்படுகிறார். பைலோப் (இரு மடல்) ஃபிளாப் என்பது அதுதான். முதல் மடல் குழியை நிரப்புகிறது, இரண்டாவது மடல் முதல் மடல் விட்ட இடத்தை நிரப்புகிறது, இரண்டாவது மடல் விட்ட இடம் தளர்வான பகுதியில் இருப்பதால் நேராக மூடிக்கொள்கிறது.

எஸ்ஸர் 1918இல் இதை எழுதியபோது மொத்தச் சுழற்சி 180 டிகிரி. அடிப்பகுதியில் தோல் திரண்டு, மடல் தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. 1989இல் ஸிட்டெல்லி ஒவ்வொரு மடலுக்கும் 45 டிகிரி அளவில், மொத்தம் 90 முதல் 100 டிகிரிக்குள் அடக்கினார். சுழலும் புள்ளிக்கும் குழிக்கும் இடையே ஒரு முக்கோணத் தோலையும் முதலிலேயே எடுத்துவிட்டார். இன்று பெரும்பாலோர் செய்வது இதைத்தான். நுனிப் பகுதியில் 1.5 செ.மீ. வரையுள்ள குழிகளுக்கு நன்றாக ஒத்துவருகிறது. பயிற்சியில் இருப்பவர்கள் இதில் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, இரண்டாவது மடலின் அச்சு நாசித்துவார விளிம்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்; சாய்ந்துவிட்டால் அதை மூடும் இழுப்பு விளிம்பைத் தூக்கும். இன்னொன்று, தோலுக்குச் சற்றுக் கீழே மட்டும் பிரித்துவிட்டு ஃபிளாப் வரவில்லை என்று இழுப்பது. மூக்கில் பிரிக்க வேண்டிய தளம் தசைக்கு அடியில், குருத்தெலும்பின் உறைக்கும் எலும்பின் உறைக்கும் மேலே. அந்தத் தளத்தில் ரத்தம் அதிகம் வராது, ஃபிளாப்பின் ரத்த ஓட்டமும் பத்திரமாக இருக்கும். அதில் தாராளமாக, குழியிலிருந்து தள்ளியும் பிரித்துவிட்டால் ஃபிளாப் தானாகவே போய் உட்காரும். முதலில் மூட வேண்டியது இரண்டாவது மடல் விட்ட இடம். அது மூடினால்தான் மற்றவை தளர்ந்து வரும்.

மற்ற ஃபிளாப்களையும் பார்ப்போம். நேசோலேபியல் ஃபிளாப் (மூக்கோரக் கன்ன மடிப்பிலிருந்து எடுப்பது) கன்னத்துத் தோலைத் தாராளமாகத் தரும், ஆனால் ஒரே கட்டத்தில் செய்தால் மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்பி மழுங்கடித்துவிடும். அந்தப் பள்ளத்தைத் திரும்ப உண்டாக்குவது பெரும் பாடு. ராம்பிக் நுனியில் வேண்டாம்; தோல் விறைப்பு. நெற்றி ஃபிளாப் உங்கள் குழிக்குத் தேவைக்கு மிஞ்சிய ஏற்பாடு. ஆனால் குழி பெரிதாக இருந்தாலோ, குருத்தெலும்பும் போய்விட்டிருந்தாலோ அதை விடச் சிறந்த தோல் கிடைக்காது. அந்த ஃபிளாப்புக்கு ரத்தம் தரும் சுப்ராட்ரோக்ளியர் தமனி நெற்றியின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 1.7 முதல் 2.2 செ.மீ. தூரத்தில் மேலேறுகிறது. அதை நடுவில் வைத்து 1.5 செ.மீ. அளவுள்ள குறுகிய காம்பில் ஃபிளாப்பைத் தூக்கி, மூன்று வாரம் கழித்துக் காம்பை வெட்டுகிறோம். இந்தியாவில் நெற்றித் தோலால் மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் படத்தோடு வெளிவந்து, அதைப் பார்த்துக் கற்ற ஆங்கில அறுவை மருத்துவர் கார்ப்யூ 1816இல் தன் அனுபவத்தை வெளியிட்டார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் பெரிய குழிகளுக்கு நாம் அதையே நாடுகிறோம்.

வேறிடத்திலிருந்து தனியாக வெட்டி எடுத்து ஒட்டும் முழுத்தடிமன் தோல் கிராஃப்டைச் சிலர் தோல்விக்கான வழி என்று நினைக்கிறார்கள். அது தவறு. மெல்லிய தோல் உள்ள இடத்தில், ஆழமில்லாத குழியில், காதுக்கு முன்னாலிருந்து எடுத்த கிராஃப்ட் மிக நன்றாகப் பொருந்தும். தடித்த எண்ணெய்த் தோலுக்கு நடுவில்தான் அது ஒட்டுத்துணி மாதிரி தனித்துத் தெரியும். கிராஃப்ட் முதல் ஒன்றிரண்டு நாள் அடித்தளத்திலிருந்து கசியும் திரவத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கிறது, ரத்தக் குழாய்கள் இணைவது அப்புறம்தான். ஆகவே அடியில் ரத்தம் தேங்கினாலோ கிராஃப்ட் அசைந்தாலோ போய்விடும். அழுத்தம் தரும் டிரெஸிங்கை ஐந்தாறு நாளாவது எடுக்காதீர்கள். வெறுமனே ஆறவிடுவதையும் மறக்க வேண்டாம். உட்கண்மூலை, நாசிச் சிறகின் பள்ளம், நெற்றிப்பொட்டு, காதின் குழிவு போன்ற உட்குழிந்த இடங்களில் காயம் தானாக ஆறி, எந்த ஃபிளாப்பும் தராத அளவுக்கு நல்ல தழும்பைத் தருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புடைத்த இடங்களில் அப்படி விட்டால் பள்ளம் விழும். விளிம்புக்கு அருகில் விட்டால் சுருங்கி இழுக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. இனி, பாடநூல்கள் உறுதியான குரலில் சொன்னாலும் அவ்வளவு உறுதியில்லாத சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது, உட்பிரிவு விதி. பர்ஜெட், மெனிக் இருவரும் 1985இல் மூக்கை ஒன்பது உட்பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவில் பாதிக்கு மேல் போய்விட்டால் மிச்சத்தையும் எடுத்துவிட்டு முழுப் பிரிவையும் புதிதாக்கச் சொன்னார்கள். நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் தழும்பை ஒளிக்க வேண்டும் என்ற அடிப்படை எண்ணம் அருமையானது. நெற்றி ஃபிளாப் போடும்போது நான் அதைப் பெரும்பாலும் பின்பற்றுகிறேன். ஆனால் "பாதி" என்பது இயற்கை வகுத்த எல்லை இல்லை. நல்ல தோலை வெட்டி எறியாமல் குழியை மட்டும் மூடி, நல்ல முடிவு காட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். சிறு குழிகளில் நான் நல்ல தோலை எடுப்பதில்லை. உங்கள் சீனியர் எடுத்தால் அவரும் தவறில்லை.

இரண்டாவது, ஃபிளாப்பின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம். அடியை அகலமாக்கினால் இன்னும் நீளமாக எடுக்கலாம் என்ற எண்ணத்தை மில்டன் 1970இல் பன்றிகளில் சோதித்து உடைத்தார். ஒரே ரத்த அழுத்தத்தில் இருக்கும் குழாய்களை இன்னும் நான்கு சேர்த்தாலும் ரத்தம் எட்டும் தூரம் கூடாது. முகத்தில் விகிதக் கணக்கு ஓரளவு பலிப்பது முகத்தின் ரத்த ஓட்டத்தால்தான். புகைப்பவரிடம் அந்தத் தாராளமும் சுருங்கிவிடுகிறது. அவசரமில்லாத வேலை என்றால் பல வாரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நரம்பின் பாதை. முகநரம்பின் நெற்றிக் கிளைக்குப் பிட்டாங்கி கோடு இருக்கிறது: காதின் டிராகஸுக்கு (காதுத் துவாரத்தின் முன்னுள்ள சிறு மேடு) அரை செ.மீ. கீழிருந்து, புருவத்தின் வெளி நுனிக்கு 1.5 செ.மீ. மேல் வரை. அது நல்ல வழிகாட்டி. ஆனால் நரம்பு ஒற்றைக் கம்பி இல்லை, பல கிளைகளாக ஓடுகிறது. கன்ன எலும்பு வளைவின் மேல் அது மிக மேலோட்டமாக இருக்கிறது என்பதுதான் உறுதி. அங்கே தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைத் தாண்டி ஆழமாகப் போகாதீர்கள். கீழ்த்தாடைக் கிளையோ இன்னும் ஏமாற்றும். சடலங்களில் அது பெரும்பாலும் தாடை எலும்பின் கீழ் விளிம்புக்கு மேலேயே கிடப்பதாக 1962இல் டிங்மன், கிராப் எழுதினார்கள். உயிருள்ளவரின் கழுத்தைத் திருப்பி நீட்டி வைக்கும்போது அதைவிடக் கீழே இறங்கி வருவதை மேசையில் நாமே பார்க்கிறோம். தாடை விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வெட்டுவது அதனால்தான்.

இந்தப் பதிலுக்கு ஓர் எல்லை உண்டு. நான் வேலை செய்வது பெரும்பாலும் தோல் புற்றுக்குப் பிந்தைய குழிகளிலும் விபத்துக் காயங்களிலும். பிறவியில் காது அமைவதில் உள்ள குறைகள், நுண்ணோக்கி வைத்துக் குழாய்களை இணைக்கும் ஃபிளாப்கள் ஆகியவற்றை அவற்றையே செய்கிறவர்களிடம் கேளுங்கள். தையலின் அழுத்தம், தோலைத் தூக்கும் கொக்கியான ஸ்கின் ஹூக்கைப் பிடிக்கும் மென்மை போன்றவற்றை எழுத்தில் கற்றுத்தர முடியாது. பக்கத்தில் நின்று பாருங்கள்.

அறுவை முடிந்த இரவில் செவிலியர் கூப்பிட்டு "ஃபிளாப் நீலமாக இருக்கிறது" என்றால் போய்ப் பாருங்கள், தொலைபேசியில் முடிவெடுக்காதீர்கள். அழுத்தி விட்டால் சட்டென்று நிறம் திரும்பினால் சிரை ரத்தம் வெளியேறவில்லை. வெளுத்து, நிறம் திரும்பவே இல்லையென்றால் தமனி ரத்தம் உள்ளே வரவில்லை. முதல் வகையில் அடியில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று தேடுங்கள், இறுக்கமான தையல் ஒன்றிரண்டைப் பிரித்துவிடுங்கள். ஒரு தையலைப் பிரித்ததும் நிறம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: மூக்கில் பைலோப் போட்டால் முதல் சில மாதங்கள் அது உப்பியும் சிவந்தும் இருக்கும். மூன்று மாதத்தில் தழும்பு பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத்தான் எட்டுகிறது, அதற்கு மேல் எப்போதும் போவதில்லை. நிறமும் மேடும் அடங்க ஒரு வருடம் ஆகலாம். இதை முன்பே சொல்லியிருந்தால் அவர் அமைதியாகக் காத்திருப்பார்.

இனி உங்கள் நோயாளி. நான் அவரைப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்கிறேன். வெட்டிய விளிம்பில் புற்று இல்லை என்று அறிக்கை வந்த பிறகு, 1.2 செ.மீ., தடித்த தோல், நாசித்துவார விளிம்புக்கு 6 மி.மீ. என்றால் பக்கவாட்டில் அடி வைத்த பைலோப்தான் என் முதல் தேர்வு. வரையும் முன் அவரை உட்கார வையுங்கள். மூச்சை வேகமாக இழுக்கச் சொல்லி, அந்தப் பக்கத்து நாசிச் சிறகு உள்ளே ஒடுங்குகிறதா என்று பாருங்கள். ஒடுங்கினால் காதின் குழிவிலிருந்து ஒரு குருத்தெலும்புத் துண்டு எடுத்து அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அழகான ஃபிளாப்புக்குக் கீழே மூச்சு அடைத்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது மடல் வரப்போகும் பக்கச் சுவர்த் தோலை இரு விரலால் கிள்ளி, நாசித்துவார விளிம்பை மட்டும் பாருங்கள். விளிம்பு அசையாமல் இருந்தால் பேனாவை எடுத்து வரையுங்கள். அது மேலே ஏறினால் பைலோப்பைக் கைவிட்டு, தழும்பு தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, காதுக்கு முன்னாலிருந்து கிராஃப்ட் எடுங்கள்.